மரக் காரா, அட்டைக் காரா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கார்கள் ஓடுகின்றன. ஒன்று கர்நாடகத்தின் சன்னபட்டணா ஊர் மரக் கார். பெங்களூரிலிருந்து மைசூரு சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போய் வாங்கினோம். வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி நிறம் ஏறுகிறது. தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள். முனை மழுங்கலாக இருப்பதால் ஒன்றரை வயதுச் சின்னவனுக்கு இதுதான்.

மற்றொன்று பற்பசை அட்டைப்பெட்டி. அடியில் இரண்டு உறிஞ்சுகுழல் துண்டுகளை ஒட்டி, அவற்றுள் மூங்கில் குச்சியை நுழைத்து, முனைகளில் பாட்டில் மூடிகளைச் செருகினால் சக்கரம் உருளும். மூடியில் துளை நடுவில் விழ வேண்டும். துளை போடுவது மட்டும் என் வேலை; ஒன்று கோணலாகிவிட்டது, வண்டி நொண்டியது. ஐந்து வயது மகள் அதைக் ‘குதிரைக் கார்’ என்றாள், திருத்த விடவில்லை. கோலமாவில் சாலை போட்டு, எங்கள் ஊர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலையும் உண்டாக்கிவிட்டாள்!

மூடிகள் கழன்றால் சின்னவன் வாய்க்குள் போகும். அவன் தூங்கும்போதுதான் அட்டைக் கார் வெளியே வரும். நனைந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. ஆனாலும் என் ஓட்டு அதற்கே. மரக் காரை அவள் ஓட்டுகிறாள், அவ்வளவுதான்; இதை அவளே செய்தாள்.