சத்துவாச்சாரி பத்தாவது மேக்ஸ் டியூஷன்: சேக்கலாமா?

பையன் தமிழ் மீடியம். சைன் காஸ் டேன் டேபிள தலகீழா சொல்லுவான், ஆனா "ஒரு கோபுரத்தின் உச்சியை"ன்னு கணக்கு ஆரம்பிச்சா பேனாவ மூடிடுவான், அதுக்காகவே இங்க சேத்தோம்.

சார் படம் போடாம ஃபார்முலா எழுதுனா நோட்டை திருத்தவே மாட்டாரு. மொதல்ல தரைக்கோடு, நேரா நிக்கறது எது, ஆளோட கண்ணு எங்க, அங்கருந்து கிடைமட்டமா ஒரு கோடு, அதுக்கு மேல ஏற்றக்கோணம். முக்கோணம் கண்ணு மட்டத்துல ஆரம்பிக்குதுங்கறதுலதான் பசங்க மார்க்க விடறாங்க. கண்ணு 1.5 மீட்டர்ல இருக்கு, 30 மீட்டர் தள்ளி நின்னா 30 டிகிரின்னா, கோபுரத்தோட உயரத்துக்கு 30-ஐ √3-ஆல வகுத்து 17.32ன்னு எழுதிட்டு போயிடுவானுங்க, 1.5 கூட்டி 18.82ன்னு முடிக்கணும். இறக்கக்கோணத்த சுவத்த ஒட்டி போடறதும் இதே ரகம்தான், அது மேல இருக்கற கிடைமட்டக் கோட்டுலருந்து கீழ வரணும், ஒன்றுவிட்ட கோணம்ங்கறதால அதே அளவு தரையிலயும் வரும்.

ஒரு ஞாயித்துக்கிழம பசங்கள வேலூர் கோட்டைக்கு கூட்டினு போனாரு. பாகைமானி, ஸ்ட்ரா, நுனியில நட்டு கட்டுன நூலு, அவ்ளோதான். ஸ்ட்ரா வழியா சுவத்து உச்சிய பாத்து, நூல் காட்டற டிகிரிய 90லருந்து கழிச்சா ஏற்றக்கோணம். நடுவுல அகழி கிடக்கு, சுவத்தடி வரைக்கும் டேப்பு போவாது, அதனால முன்ன பின்ன ரெண்டு எடத்துல நின்னு கோணம் எடுத்தாங்க. வெளிய 30, 60ன்னு அழகால்லாம் வராதுல்ல, டேன் டேபிள் பாத்துதான் போட்டானுங்க. ஆனா அதுக்கப்புறம் புக்குல "12 மீட்டர் முன்னேறினால் 30 டிகிரி 60 ஆகிறது" மாதிரி கணக்கு வந்தா ரெண்டு முக்கோணம் போட்டு உயரம் 6√3, அதாவது 10.39ன்னு அவனே கொண்டாந்துடறான்.

குறையும் இருக்குங்க. முற்றொருமைய (சைன்² + காஸ்² = 1 மாதிரி எப்பவும் சரியா வர்ற சமன்பாடு) ஓட்டமா ஓட்டிட்டாரு, அத வீட்ல நாங்கதான் உக்காந்து பாத்துகினு இருக்கோம். ரெண்டு மீடியமும் ஒரே பேட்சுங்கறதால பாடத்துல வர்ற பேரெல்லாம் இங்கிலீஷ்லயே போவுது, தமிழ் மீடியம் புள்ளைங்க கேட்டாத்தான் தமிழ்ல சொல்றாரு. மாடில ஷீட் போட்ட ரூமு, நம்ம வேலூர் வெயில சொல்லவா வேணும், ஃபேன் அனல அள்ளி வீசுது. ஃபீஸ மொத்தமா முன்னாடியே வாங்கிடறாங்க, மாசா மாசம் கட்டறேன்னு கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாங்க.

உயரங்களும் தொலைவுகளும் பாடம்தான் ஒதைக்குதுன்னா தாராளமா சேருங்க, ஆனா காலை பேட்ச் கெடச்சா மட்டும்.