ஜிஎம்ஆர்எஸ் ரேடியோ வாங்குமுன்: எஃப்சிசி ஐடி தேடல் சேவை எந்த அளவுக்கு உதவுகிறது?

ஜிஎம்ஆர்எஸ் என்பது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் லைசென்ஸ் வாங்கிக் குடும்பங்கள் பயன்படுத்தும் இருவழி ரேடியோ (வாக்கி-டாக்கி) சேவை. அமெரிக்காவில் ஜிஎம்ஆர்எஸ் ரேடியோ வாங்கப் போகிறவர் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ‘ஜிஎம்ஆர்எஸ் சேனல்கள் உண்டு’, ‘எஃப்சிசி அங்கீகாரம் பெற்றது’ என்ற இரண்டு வரிகளும் ஒரே பெட்டியில் இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். அப்படியும் அந்த ரேடியோவில் ஜிஎம்ஆர்எஸ் பேசுவது விதிமீறலாகிவிடும். எந்த விதிப் பகுதியின் கீழ் அங்கீகாரம் கிடைத்தது என்பதைப் பெட்டி சொல்லாது. அதைச் சொல்வது எஃப்சிசி நடத்தும் கருவி அங்கீகாரத் தேடல், சுருக்கமாக எஃப்சிசி ஐடி தேடல். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தோற்றம் பழையது, எழுத்துப் பிசகினால் எதையும் காட்டாது, உதவிக் குறிப்பும் குறைவு. ஆனால் உள்ளே கிடைப்பது அசல் ஆவணம்.

லைசென்ஸ் ஆளுக்கு, சான்று கருவிக்கு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 35 டாலர் கட்டினால் 10 ஆண்டுக்கு லைசென்ஸ் கிடைக்கும், தேர்வு கிடையாது, குறைந்தபட்ச வயது 18. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், அத்தை மாமா, மாமியார் வீட்டார் என்று குடும்பமே அந்த ஒரு லைசென்ஸில் பேசலாம். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் ரேடியோவுக்கு அந்த லைசென்ஸ் எந்தத் தகுதியும் தராது. தனிநபர் ரேடியோ சேவைகளில் அந்தந்தச் சேவைக்கெனச் சான்று பெற்ற டிரான்ஸ்மிட்டரை மட்டுமே இயக்கலாம் என்று விதி 95.335 பொதுவாகச் சொல்கிறது. ஜிஎம்ஆர்எஸ்ஸுக்கு உரிய சான்று விதி 95.1761. கிராண்ட் எனப்படும் சான்றுத் தாளில் இது ‘95இ’ (பகுதி 95, உட்பிரிவு இ) என்று இருக்கும். தேடிப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்தைத்தான்.

கைரேடியோ என்றால் எஃப்சிசி ஐடி பெரும்பாலும் பேட்டரியைக் கழற்றினால் தெரியும் லேபிளில் இருக்கும். காரில் பொருத்தும் வகையில் அடிப்பக்கத்தில் பாருங்கள். திரை உள்ள சில கருவிகளில் மெனுவுக்குள்ளும் காட்டுவார்கள். ஐடிக்கு இரண்டு பாகம். முதல் பாகம் நிறுவனக் குறியீடு. அது எழுத்தில் தொடங்கினால் 3 இடம், எண்ணில் தொடங்கினால் 5 இடம். மீதி எல்லாம் பொருள் குறியீடு, அதிகபட்சம் 14 இடம். தேடல் படிவத்தில் இவை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள்.

‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். நிறுவனக் குறியீட்டுக்கு அடுத்து ஒரு சிறு கோடு இருந்தால் அதுவும் பொருள் குறியீட்டின் பகுதி; அதை விட்டுவிட்டுத் தேடினால் தளம் கையை விரித்துவிடும். அடுத்தது பூஜ்யமா, ‘ஓ’ எழுத்தா என்ற குழப்பம். நிறுவனக் குறியீட்டில் பூஜ்யமும் ஒன்றும் வரவே வராது. அங்கே வட்டமாகத் தெரிவது எப்போதும் எழுத்துதான். பொருள் குறியீட்டில் இரண்டுமே வரலாம் என்பதால் அங்கே மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். நிறுவனக் குறியீட்டை மட்டும் கொடுத்துத் தேடினால் அந்த நிறுவனம் சான்று வாங்கிய எல்லாமே பட்டியலாக வரும். லேபிள் தேய்ந்து படிக்க முடியாதபோது இந்த வழி நன்றாகக் கைகொடுக்கும்.

ஒரே ஐடிக்குப் பல வரிகள் வருவது வழக்கம். ரேடியோவுக்குள் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கிராண்ட் உண்டு. டிரான்ஸ்மிட்டருக்கு ஒன்று, ஸ்கேனர் ரிசீவருக்கு ஒன்று, ப்ளூடூத் இருந்தால் அதற்கு ஒன்று. முதல் வரியை மட்டும் திறந்து அதில் ரிசீவருக்கான 15பி என்று பார்த்துவிட்டு ‘சான்று இல்லை’ என்று ஒதுக்குபவர்களும் உண்டு, ‘ஏதோ சான்று இருக்கிறதே’ என்று திருப்தி அடைபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. அதிர்வெண் நிரலில் 462, 467 மெகாஹெர்ட்ஸ் காட்டும் வரியைத் தேடிப் பிடித்து அதன் கிராண்டைத் திறக்க வேண்டும். கைரேடியோவானால் கருவி வகை என்ற இடத்தில் ‘முகத்தருகே பிடித்துப் பேசும் லைசென்ஸ் டிரான்ஸ்மிட்டர்’ என்ற பொருளில் இருக்கும்.

கிராண்ட் ஒரு பக்கத் தாள். அதிலுள்ள சின்ன அட்டவணைதான் முக்கியம்: விதிப் பகுதி, அதிர்வெண் வரம்பு, வாட், அதிர்வெண் பிசகு வரம்பு, எமிஷன் குறியீடு. ஜிஎம்ஆர்எஸ் கைரேடியோ என்றால் நான்கு அதிர்வெண் தொகுதிகளை எதிர்பார்க்கலாம். 462.5625 முதல் 462.7125 வரை என்பது 1 முதல் 7 வரையிலான சேனல்கள். 467.5625 முதல் 467.7125 வரை 8 முதல் 14 வரை. 462.5500 முதல் 462.7250 வரை 15 முதல் 22 வரை. 467.5500 முதல் 467.7250 வரை ரிப்பீட்டருக்கு (பேச்சை வாங்கி அதிகத் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) அனுப்பும் பக்கம். இந்தக் கடைசித் தொகுதி கிராண்டில் இல்லையென்றால் அந்த ரேடியோவால் ரிப்பீட்டரைப் பிடிக்க முடியாது. விளம்பரத்தில் ‘22 சேனல்’ என்று மட்டும் போட்டு இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், வாங்குபவருக்கு இந்த ஒரு வரியைப் பார்த்ததே போதும், பணம் மிச்சம்.

வாட் நிரலையும் அதே வரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முதன்மைச் சேனல்களில் (15 முதல் 22 வரையும் ரிப்பீட்டர் பக்கமும்) மொபைல் (காரில் பொருத்துவது போன்றவை), பேஸ், ரிப்பீட்டர் நிலையங்களுக்கு வரம்பு 50 வாட், ஓரிடத்தில் நின்று அதே வகை நிலையங்களோடு மட்டும் பேசும் ஃபிக்ஸ்டு நிலையத்துக்கு 15 வாட். 1 முதல் 7 வரை 5 வாட் ஈஆர்பி. 8 முதல் 14 வரை அரை வாட் ஈஆர்பி, அதுவும் கைரேடியோவுக்கு மட்டும். ஆகவே 50 வாட் மொபைல் ரேடியோவின் கிராண்டில் 467.5625 தொகுதி இல்லாதது குறையே அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். ஈஆர்பி என்பது ஆண்டெனாவின் ஆதாயத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு. கிராண்டில் உள்ள வாட் எண் ஈஆர்பியா, ரேடியோவில் ஆண்டெனா மாட்டும் இடத்தில் அளந்ததா என்பதை அட்டவணைக்குக் கீழே உள்ள குறிப்பு பெரும்பாலும் சொல்லிவிடும். அதைப் படிக்காமல் இரண்டு ரேடியோக்களின் வாட்டை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும். மொபைல் ரேடியோவானால் ஆண்டெனாவுக்கும் ஆட்களுக்கும் இடையே விட வேண்டிய குறைந்தபட்ச தூரமும் அதே குறிப்பில் வரும். ஆண்டெனாவைக் கூரையில் எங்கே வைப்பது என்று முடிவு செய்யுமுன் படித்துவிடுங்கள்.

எமிஷன் குறியீட்டைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பயன்பாட்டில் அதிகம் உறுத்துவது அதுதான். ‘16கே0எஃப்3இ’ என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் அகல எஃப்எம் பேச்சு. குரலின் உச்ச அதிர்வெண் 3, விலகல் (பேசும்போது அலையின் அதிர்வெண் இருபுறமும் நகரும் அளவு) 5, இரண்டின் கூட்டுத்தொகையை இரட்டித்தால் 16. ‘11கே0எஃப்3இ’ என்றால் விலகல் 2.5 கிலோஹெர்ட்ஸ்தான். 8 முதல் 14 வரை குறுகிய அலைதான் விதி. மற்ற சேனல்களில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு. எல்லா வரியிலும் 11 மட்டுமே இருந்தால் அது குறுகிய அலை ரேடியோ. அகல அலைக்கு அமைத்த ரிப்பீட்டரில் அதன் வழியாகப் பேசினால் எதிர்முனையில் குரல் சன்னமாகக் கேட்கும். பேசுபவர் மைக்கைக் குறை சொல்வார், பேட்டரியை மாற்றிப் பார்ப்பார், கடைசியில் கத்திப் பேசத் தொடங்குவார். குறை எங்கே இருக்கிறது என்று கிராண்டில் முதலிலேயே எழுதியிருக்கிறது.

இனி, 95இ இல்லாமல் வேறு எழுத்துகள் இருந்தால் என்ன செய்வது? 95பி என்றால் அது எஃப்ஆர்எஸ் என்ற எளிய குடும்ப ரேடியோ சேவை. லைசென்ஸே தேவையில்லை, 2 வாட் வரைதான் (8 முதல் 14 வரை அரை வாட்), ஆண்டெனாவைக் கழற்ற முடியாது, ரிப்பீட்டரும் கிடையாது. அதற்காக 35 டாலர் கட்ட வேண்டாம். 95ஏ என்றால் பதறத் தேவையில்லை. 2017-இல் விதிகளை மாற்றி எழுதும் முன்பு ஜிஎம்ஆர்எஸ்ஸுக்கு இருந்த எழுத்து அது. கிராண்டின் தேதி அதற்கு முன்பாக இருக்கும், ரேடியோவைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அந்தக் காலத்தில் எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ் இரண்டும் சேர்ந்த கைரேடியோக்கள் குவிந்து கிடந்தன. 2017-க்குப் பிறகு அப்படிச் சேர்த்துச் சான்று கொடுப்பதில்லை. எஃப்ஆர்எஸ்ஸோடு இன்னொரு லைசென்ஸ் சேவையைச் சேர்த்த கைரேடியோவை 2019 செப்டம்பர் 30 முதல் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது.

15பி மட்டும் இருந்தால் ரிசீவருக்கு மட்டுமே சான்று. ஜிஎம்ஆர்எஸ்ஸைக் கேட்கலாம், அதில் பேசக் கூடாது. மலிவு விலை ஹாம் (அமெச்சூர்) ரேடியோக்களில் ‘எஃப்சிசி அங்கீகாரம்’ என்ற வரி பெரும்பாலும் இதைக் குறிப்பதுதான். 90 மட்டும் இருந்தால் அது வணிக, பொதுப் பாதுகாப்பு ரேடியோ. தரத்தில் எவ்வளவு உயர்ந்ததானாலும் 90 என்ற வரி 95இ வரிக்கு ஈடாகாது. பயன்படுத்திய வணிக ரேடியோவை மலிவாக வாங்க நினைப்பவர்கள் கிராண்டில் இரண்டும் இருக்கும் மாடலைத் தேட வேண்டும். அப்படிப்பட்டவை உண்டு, விதியும் அதைத் தடுக்கவில்லை, ஏனென்றால் பகுதி 90-க்கும் சான்று கட்டாயம்.

ஹாமோடு சேர்ப்பதைத்தான் விதி தடுக்கிறது. சான்று தேவைப்படாத சேவையில் பேசும் வசதி உள்ள ரேடியோவுக்கு ஜிஎம்ஆர்எஸ் சான்று கிடையாது என்று 95.1761(சி) சொல்கிறது, அமெச்சூர் ரேடியோவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ‘ஹாமும் பேசலாம், ஜிஎம்ஆர்எஸ்ஸும் பேசலாம், சான்றும் உண்டு’ என்று யாராவது விற்றால் மூன்றில் ஒன்று பொய். இரண்டு லைசென்ஸும் வைத்திருப்பவர் இரண்டு ரேடியோ வாங்கத்தான் வேண்டும். கேட்பதற்கு இந்தத் தடை இல்லை, ஆகவே பரந்த அலைவரிசையைக் கேட்கும் ஜிஎம்ஆர்எஸ் ரேடியோ தாராளமாக வாங்கலாம். இந்த வகை விற்பனை பற்றி 2018 செப்டம்பரில் எஃப்சிசியே அமலாக்க எச்சரிக்கை வெளியிட்டது.

தேடல் சேவையின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. சான்று வாங்கிய நாளில் இருந்த கருவியைத்தான் கிராண்ட் பேசும். பிறகு பட்டன்களைச் சேர்த்து அழுத்தியோ மென்பொருள் மாற்றியோ கூடுதல் அதிர்வெண்ணையோ வாட்டையோ திறந்துவிட்டால், விதி 95.337-இன்படி அந்த ரேடியோவின் சான்று போய்விடுகிறது. ஐடி லேபிள் அப்படியே ஒட்டியிருக்கும், தளத்தில் கிராண்டும் அப்படியே இருக்கும். ‘அன்லாக்’ செய்து தருகிறோம் என்று விற்கப்படும் பழைய ரேடியோவில் ஏமாற வாய்ப்பு இதனால்தான் அதிகம். வாங்கினால் முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்து, ஜிஎம்ஆர்எஸ் அல்லாத அதிர்வெண்ணில் அனுப்ப முயலும்போது ரேடியோ மறுக்கிறதா என்று ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோட் (அலையை வெளியே விடாமல் வெப்பமாக மாற்றும் சோதனைக் கருவி) மாட்டிப் பாருங்கள். மறுக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

கிராண்டோடு இணைப்புகளும் இருக்கும். சோதனை அறிக்கை, உட்புறப் படங்கள், கையேடு மூன்றும் கட்டாயம் பார்க்கத் தகுந்தவை. சோதனை அறிக்கையில் தேவையற்ற உமிழ்வுகள் பகுதியில் இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக் (அனுப்பும் அதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கில் கசியும் அலை) அளவு மைனஸ் 13 டிபிஎம் வரம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். வரம்பை ஒட்டி நிற்கும் ரேடியோவுக்கும் 20 டெசிபெல் கீழே நிற்கும் ரேடியோவுக்கும் வடிகட்டியின் தரத்தில் வித்தியாசம் உண்டு. உட்புறப் படம், வேறு பிராண்ட் பெயரில் விற்கப்படுவது ஒரே பலகைதானா என்று காட்டிக் கொடுக்கும். விண்ணப்ப நோக்கம் என்ற இடத்தில் ‘அடையாள மாற்றம்’ என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம், அதே கருவிக்குப் புது ஐடி. சர்க்யூட் வரைபடம் பெரும்பாலும் ரகசியமாகவே இருக்கும். புதிதாக வந்த மாடலானால் படங்களும் கையேடும்கூட 180 நாள் வரை மறைக்கப்பட்டிருக்கலாம்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. மாடல் பெயரைப் போட்டுத் தேட இந்தத் தளத்தில் நேரடி வசதி இல்லை. கடையில் அறிந்த பெயருக்கும் ஐடிக்கும் சம்பந்தமே இருக்காது. கைபேசித் திரையில் முடிவு அட்டவணை சரியாக அடங்குவதில்லை. இதே தரவை அழகாக அடுக்கித் தரும் தனியார் தளங்கள் உள்ளன, தேடுவதற்கு அவை எளிது. ஆனால் அங்கே ஐடியைக் கண்டுபிடித்த பிறகு கிராண்டை எஃப்சிசி தளத்திலேயே திறந்து பாருங்கள், புதிய கிராண்டுகள் அங்கேதான் முதலில் வரும். இடம் சார்ந்த கட்டுப்பாடுகள் இருந்தால் அவற்றையும் கிராண்ட் சொல்லாது.

விற்பனைப் பக்கத்தில் ஐடி இல்லையென்றால், லேபிளிலோ திரையிலோ ஐடி தெளிவாகத் தெரியும் படம் ஒன்றை விற்பவரிடம் கேட்டு வாங்கித் தேடுங்கள். சான்று பெற்ற ரேடியோவில் அந்த ஐடி இல்லாமல் இருக்காது, படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு கிராண்டின் பிடிஎஃப்பை இறக்கி, ரேடியோவின் சீரியல் எண்ணோடும் லைசென்ஸ் பிரதியோடும் ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டில் நான்கு பேர் கையில் நான்கு மாடல் இருந்தால் நான்குக்கும் தனித்தனியாக.