‘கேஎல்சிசி பக்கம்’ என்று பணம் வாங்கி செத்தாபாக்கில் இறக்கிவிட்டார்கள்: கோலாலம்பூரில் வீடு எடுப்பவர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூரில் சில நாள் தங்க வாடகை வீடோ அறையோ தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். விளம்பரத்தில் ‘கேஎல்சிசி’ (நகரின் மையப் பகுதி) என்று போட்டிருந்தால் அது அங்கே உள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். நகரத்தின் எத்தனையோ மூலைகளிலிருந்து அது தெரியும். பால்கனியில் நின்றால் தெரிகிறது என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு, எங்கேயோ இருக்கும் வீட்டை அந்தப் பெயரில் வாடகைக்கு விடுகிறார்கள்.

நாங்கள் பட்டர்வொர்த்காரர்கள். தம்பி கல்யாணத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எல்லோருமாகத் தலைநகருக்குப் போய், மஸ்ஜித் இந்தியாவில் சேலை எடுத்து, பிரிக்பீல்ட்ஸில் சீர்வரிசைச் சாமான் பார்த்து, பத்துமலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருவதாகத் திட்டம். அத்தைக்கு முட்டிவலி, ரொம்ப நேரம் நடக்க முடியாது. அதனால் ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப்பில் நல்ல தமிழில் பேசினார். “அக்கா, கவலையே படாதீங்க. கேஎல்சிசி எல்ஆர்டிக்கு நடந்தே போயிடலாம்” என்றார். எல்ஆர்டி என்பது நகர ரயில். படங்களில் மொட்டைமாடி நீச்சல்குளம், அதற்குப் பின்னால் கோபுரம். வாடகை முழுவதையும், அதோடு 300 ரிங்கிட் டெபாசிட்டையும் அவர் கொடுத்த வங்கிக் கணக்கில் போட்டோம். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன், புகார் எதுவும் காட்டவில்லை.

இடிஎஸ் ரயில் ஈப்போவைத் தாண்டிய பிறகு செய்தி வந்தது. “சாரி அக்கா, அந்த யூனிட்ல தண்ணி பைப் உடைஞ்சிருச்சு. அதைவிடப் பெரிய வீடு தர்றேன், கூடுதல் காசு வேணாம்.” எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. தலைநகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் இடத்தின் குறி வந்தது. செத்தாபாக். ஜாலான் கெந்திங் கிளாங்கை ஒட்டிய ஓர் அடுக்குமாடி. செத்தாபாக் மோசமான இடமில்லை, அங்கே நிறைய மாணவர்களும் குடும்பங்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டடத்திலிருந்து அத்தை நடந்து போகிற தூரத்தில் ஒரு ரயில் நிலையமும் இல்லை. வங்சா மாஜு எல்ஆர்டிக்கே கிராப் (செயலி வழி வாடகைக் கார்) பிடிக்க வேண்டும். அங்கிருந்து கேஎல்சிசிக்கு ஏழு நிறுத்தம்.

இந்தத் தந்திரத்தைப் பிறகு பலரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் காட்டுகிற வீடு பல நேரங்களில் அவர்கள் கையிலேயே இருக்காது. நல்ல இடத்து வீட்டின் படத்தைப் போட்டுப் பணத்தை வாங்கிவிடுவார்கள். நீங்கள் பாதி வழியில், திரும்ப முடியாத நேரத்தில் இருக்கும்போது பைப் உடையும், மின்சாரம் போகும், முந்தைய விருந்தாளி காலி செய்யமாட்டார். குழந்தை குட்டி, வயதானவர்களோடு ராத்திரி வேளையில் யார் தெருவில் நின்று சண்டை போடுவார்கள்? அதுதான் அவர்களுக்கு வசதி.

சாவியை வாங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். காவலர் கூண்டுக்குப் பின்னால் வேலிக் கம்பியில், எண் போட்டுத் திறக்கும் சின்னப் பெட்டிகள் ஐந்தாறு தொங்கின. அதில் ஒன்றில் எங்கள் சாவி. “ஜாகா கேட்டா சொந்தக்காரங்க வீடுன்னு சொல்லுங்க” என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தார். ஜாகா என்றால் காவலர். ஏன் என்று மின்தூக்கிக்குள் ஏறியதும் புரிந்தது. குறுகிய கால வாடகைக்கு இங்கே அனுமதி இல்லை என்று மலாயில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். நீச்சல்குளத்துக்கான அட்டையும் எங்களுக்குக் கிடையாது. மாமா ஜாகாவிடம் பொய் சொல்ல மறுத்துவிட்டார். ஜாகா நல்ல மனிதர். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்து ஒன்றும் பேசாமல் உள்ளே விட்டார். இல்லாவிட்டால் அன்று ராத்திரி நாங்கள் எங்கே போயிருப்போம்?

மின்தூக்கியில் பார்த்த அந்த அறிவிப்பு சும்மா ஒட்டிய காகிதம் அல்ல. மோண்ட் கியாராவில் உள்ள ஓர் அடுக்குமாடி தொடர்பான வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடை செய்ய கட்டடத்தின் நிர்வாகக் கழகம் விதி போடலாம் என்று 2020இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆக, தடை உள்ள கட்டடத்தில் உங்களிடம் பணம் வாங்குகிறவருக்கு அது தெரிந்தேதான் இருக்கும். வாசலில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

அடுத்தது வரி. மறுநாள் காலையில் வீட்டுக்காரர், தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ‘சுற்றுலா வரி’ 120 ரிங்கிட் கேட்டார். சுற்றுலா வரி என்று ஒன்று இருக்கிறது, 2017 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. ஆனால் அது வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும், அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். தலைக்கணக்கு கிடையாது. மலேசியர்களும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டியதில்லை. இதைச் சொல்லி ரசீது கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

டெபாசிட் திரும்பி வரவே இல்லை. துண்டில் மஞ்சள் கறை என்று படம் அனுப்பினார். படத்தில் இருந்தது வெள்ளைத் துண்டு. எங்களுக்குக் கொடுத்தவை சாம்பல் நிறத் துண்டுகள், ஓரத்தில் நூல் பிரிந்தவை. நல்லவேளை, வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் எல்லா அறையையும் காணொளி எடுத்து வைத்திருந்தாள். அதை அனுப்பினேன். என் எண்ணை முடக்கிவிட்டார்.

சரி, எங்கேதான் தங்குவது? நம் ஆட்கள் தலைநகருக்கு வருகிற காரணங்களை வைத்துச் சொல்கிறேன்.

கோயில், கடைத்தெரு, நம் சாப்பாடு என்று வருபவர்களுக்கு, அதுவும் வயதானவர்கள் கூட இருந்தால், என் முதல் தேர்வு பிரிக்பீல்ட்ஸ்தான். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் அரை மணி நேரத்தில், பிரிக்பீல்ட்ஸை ஒட்டியுள்ள கேஎல் சென்ட்ரலுக்கு வந்துவிடும். பத்துமலைக்கு அங்கிருந்து கேடிஎம் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில் நேராகவே போகிறது, வாகனம் மாற வேண்டாம். கேஎல்சிசிக்கு எல்ஆர்டியில் ஐந்தே நிறுத்தம், மஸ்ஜித் ஜாமெக்கும் அதே தடத்தில். கோபுரத்தைப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும் என்கிறவர்கள் எதற்காகக் கேஎல்சிசி விலை கொடுக்க வேண்டும்? ஜாலான் துன் சம்பந்தனில் இறங்கினால் காலை ஐந்தரை மணிக்கு எழுந்துகொள்கிற பெரியவர்களுக்கு இட்லி, காப்பிக்கும் கவலையில்லை. ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். மலிவு ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய. அறை எடுக்கும்போதே ஜன்னல் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேலை, நகை வாங்குவதே முக்கிய வேலை என்றால் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள். கடையிலிருந்து பையை அறையில் போட்டுவிட்டு மறுபடி இறங்கலாம். தைப்பூசத்துக்கு வருபவர்களுக்குப் பசார் செனி பக்கம் நல்லது. வெள்ளி ரதம் புறப்படுகிற மகா மாரியம்மன் ஆலயம் அங்கே ஜாலான் துன் எச். எஸ். லீயில்தான் இருக்கிறது. சாலைகளை மூடிவிடுவார்கள், அதனால் பெட்டியோடு ரதம் புறப்படும் நேரத்தில் போய்ச் சேராமல் முன்கூட்டியே வந்துவிடுங்கள்.

புக்கிட் பிந்தாங் இளம் வயதினருக்குச் சரி. எம்ஆர்டி, மோனோரயில் இரண்டும் உண்டு. சங்காட் பக்கம் மட்டும் விடியற்காலை வரை பாட்டுச் சத்தம் ஓயாது. சௌகிட்டில் அறை மலிவு, ஆனால் அதன் பின்சந்துகளில் இரவில் குடும்பத்தோடு நடக்க எனக்கு மனம் வராது.

இடத்தை முடிவு செய்தபின், கட்டடத்தின் பெயரைக் கேளுங்கள். ‘பக்கத்தில்’, ‘பத்து நிமிடம்’ என்பதெல்லாம் பதில் இல்லை. பெயர் கிடைத்ததும் வரைபடத்தில் நடக்கும் வழியை எடுத்துப் பாருங்கள், காரில் போகும் வழியை அல்ல. நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டர் இருக்கும், நடுவில் நெடுஞ்சாலையோ ஆறோ ஓடும். அப்புறம் அந்தக் கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்தையே தொலைபேசியில் அழைத்து, தினவாடகை அனுமதிக்கப்படுகிறதா என்று கேட்டுவிடுங்கள். முன்பதிவு இணையதளத்தை விட்டு வெளியே வந்து நேரடியாகப் பணம் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இணையதளத்தின் வழியாகக் கட்டியிருந்தால், வீடு மாறும்போது பணத்தைத் திரும்பக் கேட்க ஓர் இடமாவது இருக்கும்.

பணம் போட்ட உடனேயே ஆள் காணாமல் போய்விட்டால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணையோ அழையுங்கள். எங்களைப் போல வேறு வீட்டைத் தலையில் கட்டியவர்கள் மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். நான் போட்டிருக்கிறேன். படிவத்தில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கேட்பார்கள். அதனால் பணம் கட்டும் முன்பே முழுப்பெயர், நிறுவனப் பதிவு எண், முகவரி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறவரிடம் வீடு எடுக்காதீர்கள். இதே மாதிரி ஏமாந்து, போனது போகட்டும் என்று விட்டுவிட்டவர்கள் யாராவது இருந்தால், வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் போட்ட ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் மனு போட உங்களுக்கும் வழி இருக்கிறது.