மாம்பழத் தோல் சாறு: வற்றவைப்பதா, வடிகட்டுவதா?

நத்தம் பக்கம் மாம்பழ சீசனில் கூழ் எடுக்கும் இடத்துக்குப் பின்புறம் போய் நின்றால் மூக்கே வழி காட்டும். தோலும் கொட்டையுமாகக் குவியல், மறுநாளே புளித்துவிடும். பழத்தின் எடையில் தோல் மட்டும் 15 முதல் 20 சதவீதம். காய்ந்த தோலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெக்டின், அதாவது ஜாமை இறுகவைக்கும் சரக்கு. கூடவே மாங்கிஃபெரின் என்ற பாலிஃபீனாலும் (செடிகளில் இயற்கையாக உருவாகும் ஒருவகைச் சேர்மம்) இருக்கிறது.

தோலில் இருந்து இவற்றை இறக்குவது பெரிய வித்தை இல்லை. லேசாக அமிலம் சேர்த்த சுடுதண்ணீரில் ஊறினால் போதும். தலைவலி அப்புறம்தான்: ஆயிரம் லிட்டர் தண்ணீரில் சில கிலோ பெக்டின். ஆல்கஹால் ஊற்றித்தான் அதைத் திரியவைத்துப் பிரிக்கவேண்டும் என்பதால், முதலில் தண்ணீரைக் குறைக்காவிட்டால் ஆல்கஹால் செலவே ஆளைச் சாய்த்துவிடும்.

பழைய வழி, வற்றவைப்பது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 540 கிலோ கலோரி வேண்டும். ஆயிரத்தை 250 லிட்டர் ஆக்க, விறகு கிலோவுக்கு 3500 கிலோ கலோரி கொடுத்தாலும், கொதிகலனில் வீணாவதைச் சேர்க்காமலே 115 கிலோ விறகு எரியும். கொதிகலன் கெட்டால் உள்ளூர் ஃபிட்டரே சரி செய்துவிடுவார், அது பெரிய வசதி. ஆனால் அமிலத்தோடு நெடுநேரம் சூடு ஏறினால் பெக்டின் சங்கிலி அறுந்து இறுகும் திறன் குறையும், நிறமும் கருக்கும்.

இன்னொரு வழி, அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு, அதாவது பெரிய மூலக்கூறை மட்டும் தடுக்கும் நுண்துளை வடிகட்டி. இதில் கொதிப்பே இல்லை. இரண்டு மூன்று பார் அழுத்தத்தில் பம்பு சாற்றைச் சவ்வின்மேல் ஓட்டும். பெக்டின் மூலக்கூறின் எடை பல்லாயிரம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), அதனால் உள்ளேயே தங்கும். தண்ணீர், சர்க்கரை, அமிலம் எல்லாம் வெளியே போய்விடும். தண்ணீரோடு சர்க்கரையும் கழிவது வற்றவைப்பதில் கிடைக்காத லாபம். பெக்டினுக்கு என் ஓட்டு சவ்வுக்குத்தான்.

அதற்காக வழவழப்பான பாதை என்று நினைக்கவேண்டாம். ஒரு சோதனை ஓட்டத்தில் சாற்றை வேட்டித்துணியில் மட்டும் வடித்துவிட்டு, சுருள் வடிவ பாலிமர் சவ்வில் ஏற்றினோம். "ஒன்றும் ஆகாது, ஓட்டுங்க" என்றார் சவ்வு விற்றவர். விரல் தடிமனுக்கு வந்துகொண்டிருந்த வடிநீர் முக்கால் மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் நுங்கு மாதிரி ஒரு படலம், நடுநடுவே மாங்காய் நார்.

குழாய் வடிவ செராமிக் சவ்வாக இருந்தால் நார் சிக்காது, சூடான காஸ்டிக் சோடாவில் கழுவினாலும் தாங்கும். விலைதான் பல மடங்கு. மூன்று மாத சீசனுக்கு அவ்வளவு முதலா என்று நானும் முதலில் பாலிமர் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் பாலிமர் சவ்வு ஒருமுறை நனைந்தபின் காயக்கூடாது, காய்ந்தால் நுண்துளை சுருங்கிப்போகும். மீதி ஒன்பது மாதமும் மதுரை வெயிலில் அதைக் கெடாமல் காக்கும் கரைசலில் ஊறப்போட்டுக் காவல் காக்கவேண்டும். செராமிக்கைக் கழுவிக் காயவைத்து ஓரமாக வைத்துவிடலாம்.

சரி, வடிநீரோடு போன மாங்கிஃபெரின்? அதன் எடை 422 டால்டன். பழுத்த மாம்பழத்தில் மிகுதியாக இருக்கும் சுக்ரோஸ் 342. இவ்வளவு நெருக்கத்தில், இன்னும் சிறிய துளை கொண்ட நானோஃபில்ட்ரேஷன் சவ்வும் இரண்டையும் சுத்தமாகப் பிரிக்காது, இனிப்புப் பாகுதான் மிஞ்சும். வீட்டு ஆர்ஓ போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில், அது சர்க்கரையை இன்னும் கெட்டியாகப் பிடித்துவைக்கும். இந்த இடத்தில் சவ்வைவிட ரெசின் (பாலிஃபீனாலை ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் மணிகள்) நிரப்பிய தூண்தான் தோது: பாலிஃபீனால் ரெசினில் ஒட்டும், சர்க்கரை கழுவிப் போகும், பிறகு ஆல்கஹாலில் இறக்கிக்கொள்ளலாம்.

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனால் கணக்கு தலைகீழ். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், இரண்டுமே 180 டால்டன். தோலின் கருநிறம் தரும் ஆந்தோசயனின் வகைகள் 450, 500 பக்கம் நிற்கும். இடைவெளி இருப்பதால் நானோஃபில்ட்ரேஷனில் நடுநடுவே தண்ணீர் விட்டு ஓட்டினால் சர்க்கரையில் பெரும்பகுதி கழியும். சூட்டில் வெளிறும் நிறமும் தப்பும். அங்கே ஆண்டு முழுக்க அறுவடை என்பதால் பாலிமர் சவ்வே போதும், அது காய நேரமே கிடைக்காது.