வயிற்று வலிக்கு யாரைக் கேட்பது: செயலியையா, சாட்பாட்டையா, தொலைபேசியில் செவிலியரையா?

உடம்பில் என்ன தொல்லை என்று கேட்டு, என்ன நோயாக இருக்கலாம் என்று சொல்பவை அறிகுறிச் செயலிகள். அவற்றைத் திறப்பவர்களில் பலரும் தேடுவது நோயின் பெயரை. முடிவெடுக்க உதவுவது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் வரிதான்: இப்போதே கிளம்ப வேண்டுமா, நாளை காலை போனால் போதுமா, வீட்டிலேயே இருந்து பார்க்கலாமா. அந்த வரியை யார் ஒழுங்காகச் சொல்கிறார்கள் என்று பார்க்க, ஒரே நோயாளியைத் தேடுபொறி, செயலி, சாட்பாட், செவிலியர் என்று நான்கு இடத்துக்கு அனுப்பிப் பார்ப்போம்.

வயது 25. நேற்று மாலை தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. பசி போய்விட்டது, ஒருமுறை வாந்தி. காலையில் வலி அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கிவிட்டது. இருமினால், நடந்தால் சுள்ளென்று இழுக்கிறது. மருத்துவருக்கு உடனே குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) நினைவுக்கு வரும். ஆனால் இவர் நேற்று மதியம் வெளியில் சாப்பிட்டிருக்கிறார். அதனால் 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று தானே முடிவுகட்டி வைத்திருக்கிறார்.

தேடுபொறியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'வயிற்று வலி வாந்தி' என்று தட்டினால் அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள் வரும். இவருக்கு என்ன வயது, வலி எப்போது தொடங்கியது, எங்கே நகர்ந்தது என்று அது கேட்பதே இல்லை. நோயின் பெயர் தெரிந்த பிறகு அதைப் பற்றிப் படிக்கத்தான் அது லாயக்கு.

அடா, சிம்ப்டோமேட் போன்ற செயலிகள் வேறு ரகம். வயது, பாலினம், கர்ப்பம் உண்டா என்று தொடங்கி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு பதிலுக்கும் சில நோய்களின் வாய்ப்பு ஏறும், சிலவற்றுக்கு இறங்கும். மிச்சமிருக்கும் நோய்களைப் பிரித்துக்காட்டும் கேள்வியே அடுத்து வரும். 'வலி இடம் மாறியதா?' என்ற கேள்வி வந்துவிட்டால் நம் நோயாளி தப்பித்தார். சறுக்குவது முதல் படியில்தான். முக்கியத் தொல்லை எது என்று கேட்கும்போது 'வாந்தி' என்று கொடுத்தால் பாதை இரைப்பைப் பக்கம் திரும்பக்கூடும். உடல் படத்தில், தொடங்கிய இடமாயிற்றே என்று தொப்புளைத் தொட்டால் வலப்பக்கத் தகவல் பின்னுக்குப் போகும். இப்போது எங்கே அதிகமாக வலிக்கிறதோ அந்த இடத்தைத்தான் தொட வேண்டும். 'தெரியாது' பொத்தானும் அப்படித்தான்: நான்கைந்து முறை அழுத்தினால் எல்லா நோய்க்கும் கொஞ்சம் கொஞ்சம் வாய்ப்பு என்ற சப்பென்ற பட்டியல் மிஞ்சும். இருமிப் பாருங்கள், அழுத்திப் பாருங்கள், பிறகு பதில் கொடுங்கள்.

'கடுமையான வலி' என்ற தேர்வும் ஆளுக்கு ஆள் மாறும். தூக்கத்திலிருந்து எழுப்பியதா, நிமிர்ந்து நடக்க முடிகிறதா என்று பார்த்துக் குறிப்பது நல்லது.

எவ்வளவு நம்பலாம்? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 23 கருவிகளை 45 நோயாளிக் குறிப்புகளால் சோதித்து எழுதினார்கள். சரியான நோய் முதலிடத்தில் வந்தது 34 விழுக்காடு. எங்கே, எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பது சரியாக இருந்தது 57 விழுக்காடு. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: அவசர நோய்களில் 80 விழுக்காடு சரி, வீட்டிலேயே ஆறிவிடும் தொல்லைகளில் 33 மட்டுமே சரி. அதாவது இவை 'எதற்கும் போய்க் காட்டுங்கள்' என்ற பக்கமே சாய்ந்தன. அப்படியிருந்தும் ஐந்து அவசரங்களில் ஒன்று நழுவியது. ஆகவே செயலி 'போ' என்றால் பதறத் தேவையில்லை, ஆனால் போங்கள். 'வீட்டில் இரு' என்றால் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தரத்தில் செயலிக்குச் செயலி ஏணி வைத்தாலும் எட்டாது. 2020-இல் வந்த ஓர் ஒப்பீட்டில் எட்டுச் செயலிகளுக்கு 200 குறிப்புகள் கொடுத்தார்கள். முதல் மூன்று இடங்களுக்குள் சரியான நோயைச் சொன்னதில் பொது மருத்துவர்கள் 82 விழுக்காடு, அடா 70, மற்றவை 43-இலிருந்து 23 வரை. ஆய்வை நடத்தியதில் அடா நிறுவனத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சாட்பாட்டின் கதை விசித்திரம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,298 பேரை வைத்துச் சோதித்தார்கள். முழு நோயாளிக் குறிப்பையும் நேரடியாகக் கொடுத்தபோது, சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரிகள் 95 விழுக்காடு அளவுக்குப் பொருத்தமான நோயைச் சொல்லின. அதே குறிப்பை ஒரு மனிதரிடம் கொடுத்து, அவரை சாட்பாட்டோடு பேசவிட்டபோது 35-ஐக்கூடத் தொடவில்லை. வழக்கம்போலத் தாங்களே தேடிப் பார்த்தவர்களைவிட இவர்கள் மேல் என்று சொல்ல முடியவில்லை. தகவல் இடையில் சிந்திப்போகிறது. நம் நோயாளி எப்படித் தட்டுவார்? 'நேத்து வெளியில சாப்பிட்டேன், வயிறு வலி, வாந்தி, என்ன பண்ணலாம்?' காரணத்தை அவரே முதல் சொல்லில் ஊன்றிவிட்டார். வலி நகர்ந்ததைச் சொல்லவே இல்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொல்லி அன்பாகப் பதில் வந்தால் ஆச்சரியமில்லை.

சாட்பாட்டைத்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள். மணி வாரியாக நடந்ததை மட்டும் கொடுத்து, 'முடிவு சொல்லும் முன் தேவையான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேள்' என்று சேருங்கள். ஒரு விஷயத்தில் இது செயலியை முந்தும்: சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கொட்டலாம். தலையில் லேசான அடிதான், ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால் ஆலோசனையே மாறிவிடும். செயலி மருந்துகளைக் கேட்காவிட்டால் அது தெரியாமலே போகும்.

செவிலியர் உதவி எண் இருந்தால் நம் நோயாளியை நான் அங்கேதான் அனுப்புவேன். அவர்களும் எழுதி வைத்த நெறிமுறைப்படிதான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஷ்மிட், தாம்சன் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தவை பரவலாகப் புழங்குகின்றன. ஆனால் நோயாளி மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது செவிலியரின் காதில் விழும். 'எழுந்து நின்று ஒரு குதி குதியுங்கள்' என்று சொல்லி, வலப்பக்கம் வலித்ததா என்றும் கேட்கலாம். குறை என்றால் காத்திருப்பு. எல்லா எண்ணிலும் செவிலியரே எடுப்பார் என்றும் இல்லை. இங்கிலாந்தின் 111 என்ற மருத்துவ உதவி எண்ணில் முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற பணியாளர், அவர் முன்னால் இருப்பதும் ஒரு மென்பொருள்தான்.

எதைத் திறந்தாலும் முன்னதாகக் கையில் இருக்க வேண்டியவை: காய்ச்சல் அளவும் அளந்த நேரமும், ஒரு முழு நிமிடம் எண்ணிய மூச்சு, நாடித்துடிப்பு, கடைசியாகப் பாராசிட்டமால் போட்ட மணி. கடைசியானதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் முன்பு மாத்திரை போட்டவர் 'காய்ச்சல் இல்லை' என்று அழுத்தினால் கணக்கு அங்கேயே தப்பு.

இன்னொரு பழக்கம், பிடித்த பதில் வரும்வரை விடைகளை மாற்றி மாற்றி ஓட்டுவது. புதிய அறிகுறி வந்தால், அல்லது சில மணி நேரம் கழிந்தால் மட்டுமே மறுபடி ஓட்டுங்கள். இரண்டு முடிவு வந்தால் அவசரம் கூடியதை எடுங்கள். முதியவர், நீரிழிவு உள்ளவர், எதிர்ப்பாற்றல் குறைந்தவர் என்றால் சொன்னதற்கு ஒரு படி மேலே வையுங்கள். நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு, காய்ச்சலே இல்லாமல் தொற்று எல்லாம் இவர்களிடம் உண்டு.

சிலவற்றுக்கு நான்குமே வேண்டாம். கை, தாடைக்குப் பரவும் நெஞ்சழுத்தம், ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொடும் தலைவலி, வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் என்றால் நேரே ஆம்புலன்ஸ். பக்கவாதத்தில் உறைவைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. இருபது கேள்விக்குப் பதில் சொல்லும் நேரமும் அதிலிருந்துதான் கழியும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலும் நேரே மருத்துவரிடம்தான்.

செயலி தரும் அறிக்கையைச் சேமித்து எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் நோய்ப் பட்டியலை நீட்டுவதைவிட, 'நேற்று ஆறு மணிக்குத் தொப்புளில், காலை ஐந்துக்கு வலப்பக்கம்' என்ற வரியை முதலில் படித்துக் காட்டுங்கள்.