காரி: பறக்கும் வேலைக்கு ஒரு கதிர்வீச்சுக் கணக்கு

விமானத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இடுப்புவலி, தூக்கக்கேடு, காதடைப்பு எல்லாம் தானாகவே தெரிந்துவிடும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்வீச்சு அப்படித் தெரியாது. சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1990-லேயே இதைத் தொழில்சார் கதிர்வீச்சாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனாலும் எக்ஸ்ரே அறை ஊழியர் அணியும் பேட்ஜ் போல எதுவும் பெரும்பாலான கேபின் குழுவினரிடம் இல்லை. பேட்ஜ் இல்லாத அந்தக் குறையை, ஒரு பயணத்தில் எவ்வளவு கதிர்வீச்சு என்று கணக்குப் போட்டு நிரப்பும் மென்பொருள்தான் காரி (CARI). அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ (FAA) இதை இலவசமாகத் தருகிறது. பார்க்கப் பழைய பாணிதான், ஆனால் வேலை நடக்கும்.

கேட்கும் விவரங்கள் கொஞ்சம்தான்: பயணத் தேதி, புறப்படும் மற்றும் இறங்கும் விமான நிலையங்களின் குறியீடு, மேலேறும் நிமிடங்கள், பறக்கும் உயரம், அந்த உயரத்தில் இருந்த நேரம், கீழிறங்கும் நிமிடங்கள். விடை, உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவான டோஸ், மைக்ரோசீவர்ட்டில் வரும் (1,000 மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்). தேதி கேட்பதற்குக் காரணம் உண்டு. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் அதன் காந்தப்புலம் அண்டக் கதிர்களை ஓரளவு தடுக்கும், அடங்கியிருக்கும் ஆண்டுகளில் டோஸ் கூடும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் உயரத்திலும் நேரத்திலும்தான். உயரத்தை அடியில் போட வேண்டும். உயரத்தை நூறு அடிக் கணக்கில் சொல்லும் ஃபிளைட் லெவலை 370 என்று அப்படியே தட்டினால் வெறும் 370 அடி என்று எடுத்துக்கொண்டு விடை தரையிலேயே நின்றுவிடும், 37000 என்று கொடுக்க வேண்டும். நீண்ட பயணத்தில் விமானம் 31,000 அடியில் தொடங்கி, எரிபொருள் குறையக் குறைய 35,000, 39,000 என்று படிப்படியாக ஏறும். முழுப் பயணத்துக்கும் 39,000 போட்டால் டோஸ் ஊதிப்போகும், 31,000 போட்டால் சுருங்கிவிடும். ஒவ்வொரு உயரத்தையும் தனித்தனியே கொடுக்க இடம் இருக்கிறது, சோம்பல்படாமல் கொடுங்கள். லாக்புக்கில் இருக்கும் பிளாக் டைமை, அதாவது விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்தது முதல் மறுபடி நிற்கும் வரையான நேரத்தை, அப்படியே எடுத்து எழுதுவதும் தவறு. அதில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் சேர்ந்திருக்கும்.

இரண்டு குறைகள். காரி இரு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய பாதையை எடுத்துக்கொள்கிறது. வான்வெளி மூடலால் வடக்கே சுற்றிப் போனால் உண்மை டோஸ் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் துருவப் பக்கம் பூமியின் காந்தப்புலம் தரும் பாதுகாப்பு நிலநடுக்கோட்டை விடக் குறைவு. அடுத்து, சூரியப் புயலில் திடீரென வரும் துகள்கள் இந்தக் கணக்கில் சேராது. வட அட்லாண்டிக், துருவப் பாதைகளில் பறப்பவர்கள் அதைத் தனியே கவனிக்க வேண்டும்.

ஒரு பயணத்தின் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். கூட்டிப் பாருங்கள். மணிக்கு சராசரி 4 மைக்ரோசீவர்ட் என்றால் ஆண்டுக்கு 900 மணி நேரத்தில் 3.6 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் தொழில்சார் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், ஆகவே பெரும்பாலோர் அதை நெருங்க மாட்டார்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு. எஃப்ஏஏ-வின் பரிந்துரைப்படி, கர்ப்பத்தைத் தெரிவித்தபின் கருவுக்கு மொத்தம் 1 மில்லிசீவர்ட், எந்த மாதத்திலும் 0.5 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது. மணிக்கு 5 மைக்ரோசீவர்ட் கிடைக்கும் பாதையில் 100 மணி நேரத்தில் அந்த மாதக் கணக்கு முடிந்துவிடும். காரி உண்மையில் கைகொடுப்பது இங்கேதான்: அடுத்த மாத ரோஸ்டர் (பணி அட்டவணை) வந்ததும் ஒவ்வொரு பயணத்தையும் முன்கூட்டியே போட்டுப் பார்த்து, கூடுதல் டோஸ் தரும் பாதைகளை மாற்றிக் கேட்க கையில் எண் இருக்கும்.