ஆடியில் ஊருக்குப் போனால்: செலவும் சேதாரமும்

இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு மலிவான மாதம் என்று ஒன்று கிடையாது. விமானக் கட்டணம் இறங்கும் மாதங்களில் பள்ளி நடக்கும். பள்ளி மூடினால் கட்டணம் ஏறிவிடும். "அபராதத்தைக் கட்டிட்டு முன்னாடியே கிளம்பிடலாம், அப்பவும் லாபம்தான்" என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் கணக்குப் போடுகிறார்கள். 2024 ஆகஸ்ட்டிலிருந்து அந்தக் கணக்கு இப்படி இருக்கிறது: அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் போகாவிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவுக்கு 80 பவுண்டு, அம்மாவுக்கு 80 பவுண்டு. அதுவும் 21 நாளுக்குள் கட்டினால்தான் இந்தத் தொகை. இரண்டு பிள்ளை என்றால் 320. மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் எடுத்த எடுப்பில் 160 வீதம். அதற்கு மேல் போனால் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். எனக்கு இதில் லாபம் எதுவும் தெரியவில்லை.

நாங்கள் இருக்கும் லெஸ்டரில் ஒரு சௌகரியம் உண்டு. ஆலைகள் மொத்தமாக விடுமுறை விட்ட காலத்து வழக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதால், இங்கே கோடை விடுமுறை மற்ற ஊர்களை விடக் கொஞ்சம் முந்தியே தொடங்கிவிடும். ஜூலை நடுவில் கிளம்பினால் மற்றவர்கள் முண்டியடிக்கும் முன் ஊர் போய்ச் சேரலாம். அங்கே ஆடி பிறந்திருக்கும். எங்கள் கும்பகோணம் இருக்கும் காவிரி டெல்டாவில் ஆடி என்றால் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். முகூர்த்த நாளில் ஃபோனையே எடுக்காத லாட்ஜ்காரர், ஆடியில் "எத்தனை ரூம் வேணும் சார்?" என்று அவராகவே கேட்பார். வாடகை வண்டியும் அப்படியே. விமானத்தில் கூடுதலாகக் கொடுத்ததில் ஒரு பகுதியை ஆடி திருப்பித் தந்துவிடும். ஜவுளிக்கடைத் தள்ளுபடியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே யாரும் மிச்சம் பிடித்து நான் பார்த்ததில்லை.

இந்த முறை சென்னையை விட்டுவிட்டு, ஹீத்ரோவிலிருந்து கொழும்பு வழியாகத் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தோம். பார்வைக்குச் சென்னை டிக்கெட் மலிவுதான். ஆனால் சென்னையில் இறங்கிய பிறகு கும்பகோணம் வர முந்நூறு கிலோமீட்டர் இருக்கிறது. இரவு ரயில் கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ்ஸுக்குப் புறநகரில் இருக்கும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போக வேண்டும், இல்லாவிட்டால் முழு வண்டி பிடிக்க வேண்டும். ரயிலுக்கு முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்து, 2024 நவம்பரிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்னால் எடுக்கிறோம். ரயில் கிடைக்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தட்கல் பார்த்துக்கொள்ளலாம் என்றால், 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் ஊரில் அண்ணனையோ தம்பியையோ காலை பத்து மணிக்கு ஃபோனோடு உட்கார வைக்க வேண்டியதுதான். திருச்சியில் இறங்கினால் கும்பகோணம் நூறு கிலோமீட்டருக்குள்.

கொழும்பு வழி என்பதை விட, முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில் இருந்ததுதான் எனக்கு முக்கியம். வளைகுடா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து திருச்சிக்கு வேறொரு மலிவு டிக்கெட் என்று ஒட்டுப் போட்டு வருகிறவர்கள் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமான நிறுவனத்துக்கு நம்மைப் பற்றிக் கவலை கிடையாது, புது டிக்கெட்தான். ஒரே பதிவில் இருந்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு, அது எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும், இந்த நாட்டு நஷ்டஈட்டுச் சட்டம் பொருந்தும். நிறுவனத்தின் தவறால் கடைசி ஊருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இவ்வளவு தூரத்துக்குத் தலைக்கு 520 பவுண்டு. புயல், மழை காரணம் என்றால் கிடையாது. திரும்பி வரும் வழியில், பிரிட்டன் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே இந்த உரிமை.

பணம் கட்டியது கிரெடிட் கார்டில், நேரே விமான நிறுவனத்திடம். 1974ஆம் வருடத்து நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ கார்டு நிறுவனமும் பொறுப்பு. விற்றவர் கடையை மூடிவிட்டுப் போனாலும் பணத்தைக் கேட்கலாம். நடுவில் ஏஜென்ட் புகுந்தால் இந்தப் பிடி தளர வாய்ப்பு உண்டு. நாற்பது, ஐம்பது பவுண்டு மிச்சத்துக்காக முகம் தெரியாத தளத்தில் வாங்குவதை நான் விரும்புவதில்லை.

திருச்சிப் புது முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுரமும் கோலமுமாகப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. பழைய முனையத்தில் வாசல் வரை நீண்ட வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெட்டி வந்ததும் அங்கேயே சக்கரத்தையும் பூட்டையும் பார்த்துவிட வேண்டும். உடைந்திருந்தால் வெளியே வரும் முன் கவுன்டரில் புகார் எழுதி, அதன் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். சேதத்துக்கு எழுத்தில் கேட்க ஏழு நாள்தான் கெடு. ஊருக்குப் போய் நாலு வீடு சுற்றுவதற்குள் ஏழு நாள் ஓடிவிடும்.

வண்டி விஷயத்தில்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. மாமியார் நவக்கிரகக் கோயில் ஒன்பதும் பார்க்க வேண்டும் என்றார். அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து சனி, ஞாயிறில் இதற்கென்றே பேருந்து விடுகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கியபோது தலைக்கு 750 ரூபாய். முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு அதைவிட மலிவான வழி கிடையாது. விடியற்காலையில் ஏறி, சொன்ன நேரத்துக்குள் தரிசனம் முடித்து ஓடி வந்து ஏறுவது மாமியாருக்கு ஒத்துவராது என்பதால் கார் பேசினோம்.

முதலில் விசாரித்த டிராவல்ஸ்காரர் நாள் வாடகை என்று ஒரு தொகை சொன்னார். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், இத்தனை கிலோமீட்டருக்கு மேல் போனால் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாட்ஸாப்பில் கேட்டதும், அந்தத் தொகை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆனது. திருநள்ளாறு காரைக்கால் பக்கம், புதுச்சேரி எல்லைக்குள் வருகிறது. அதற்கு "பெர்மிட் தனி" என்றார் கடைசியில். இதெல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஊர் வழக்கம் அது. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் இறங்கும்போது சொல்வார்கள். அண்ணன் தெரிந்த ஓட்டுநர் ஒருவரை அழைத்து வந்தார். தொகை முதலில் விசாரித்தவர் சொன்னதை விடப் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் பின்சீட்டில் பெல்ட் வேலை செய்தது. பெல்ட்டைச் சீட்டுக்கு அடியில் சொருகி, மேலே உறை போட்டு மூடிய வண்டிகள்தான் அதிகம். நான் முன்கூட்டியே போட்ட நிபந்தனை இரண்டுதான்: பெல்ட் வெளியே இருக்க வேண்டும், இரவில் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது.

காப்பீட்டுக்கு வருகிறேன். ஊருக்குத்தானே போகிறோம், சொந்த ஊரில் எதற்கு இன்சூரன்ஸ் என்பவர்கள் என் வீட்டிலேயே உண்டு. சின்ன விஷயங்களுக்கு அது பயன்படாது என்பது உண்மைதான். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் ஃபீஸ், டெங்கு சோதனை, மருந்து எல்லாம் சேர்த்தும், பாலிசியில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய முதல் பங்கைத் தொடவில்லை. காப்பீடு எதற்கென்றால், சாலை விபத்து, ஐ.சி.யு., படுத்த படுக்கையாக ஆளைத் திரும்பக் கொண்டுவருவது மாதிரியான செலவுகளுக்கு.

ஊருக்குப் போகிறவர்கள் பாலிசியில் குறிப்பாகத் தேட வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. நமக்கு இருக்கும் சர்க்கரை, பிரஷரைச் சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஏற்கெனவே இருதய நோய் என்றால், அதனால் பயணத்தை ரத்து செய்யவோ முன்பின் மாற்றவோ நேர்ந்தால் பணம் கிடைக்குமா? பல பாலிசிகளில் பயணம் செய்யாத நெருங்கிய உறவினரின் பழைய நோய்க்கு விலக்கு போட்டிருப்பார்கள். நாம் போவதே அவர்களைப் பார்க்கத்தான், அதனால் மலிவு பாலிசியை இந்த ஒரு வரிக்காகவே தள்ளினேன். வருடாந்தர பாலிசி வைத்திருப்பவர்கள் ஒரு பயணத்துக்கு எத்தனை நாள் வரம்பு என்று பார்க்கட்டும். 31 நாள் என்பது சாதாரணம், கோடை விடுமுறை அதைத் தாண்டிவிடும். டிக்கெட் எடுத்த அன்றே பாலிசியும் எடுத்தால்தான், கிளம்பும் முன் வரும் சிக்கலுக்கும் ரத்துப் பணம் கேட்க முடியும்.

அப்புறம் மச்சினரின் பைக். இங்கே கார் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு அங்கே பைக் ஓட்டி விழுந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் கையை விரித்துவிடும். ஹெல்மெட் போடாவிட்டாலும் அப்படியே. கணவரிடம் இதைச் சொன்னதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், முகம்தான் கொஞ்சம் சுருங்கியது.

கிளம்பும் முன் டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் இலவசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியார் பயண கிளினிக்கில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் நாய் கடித்தால் ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். 108 ஆம்புலன்ஸும் இலவசம்.

பணம் எடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கோடு பிரிட்டன் கைபேசி எண்ணையே இணைத்து யு.பி.ஐ. வைத்துக்கொள்ள முடிகிறது, 2023இல் அனுமதித்த நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. பூக்காரம்மா முதல் மருந்துக்கடை வரை அதிலேயே முடிந்தது. நகைக்கடையில் கார்டைத் தேய்க்கும்போது "பவுண்டிலயா, ரூபாயிலயா மேடம்?" என்று மெஷின் கேட்கும். ரூபாய்தான். பவுண்டு என்றால் மாற்று விகிதத்தில் ஒரு கமிஷன் ஒளிந்திருக்கும். பிரிட்டன் சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள், கார்டு ஓ.டி.பி. அதில்தான் வரும்.

ஆடியில் ஆற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது. மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரி நீர் திறந்தால், முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் பாயும். நேற்று கணுக்கால் அளவு ஓடிய இடத்தில் இன்று கழுத்தளவு ஓடும். நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைகளுக்கு இந்த இழுப்பு தெரியாது. பதினெட்டாம் பெருக்கு அன்று காலையில் பேப்பரில் எத்தனை கன அடி என்று பார்த்துவிட்டு, படித்துறையில் காதோலை, கருகமணி விட்டதோடு திரும்பினோம். பெரியவனுக்குக் கோபம், இருக்கட்டும்.

ஆவணி பிறந்ததும் எல்லாம் மாறிவிடும். முகூர்த்தம் தொடங்கும், அதே லாட்ஜ் அறை வாடகை தாவும். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை நாகப்பட்டினம் பக்கம் போகும் ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பது கஷ்டம். அதற்குள் திரும்பிவிடும்படி தேதி போட்டது நல்லதாகப் போயிற்று.

பெட்டி கட்டும்போது அம்மாவோடு ஒரு வழக்கு. இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதையும் பிரிட்டனுக்குள் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். "ஒரு டப்பா நெய்யைப் போய் யாருடி பாக்கப்போறா?" என்றார் அம்மா. பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றேன். மாம்பழம், தேங்காய், வாழைப்பழத்துக்குத் தடை இல்லை என்று சமாதானமாகச் சொன்னதில், தேங்காய் மட்டும் நாலு கிலோ ஏறிவிட்டது. நெய் டப்பா அண்ணன் வீட்டில் இறங்கியது. அண்ணிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.